இரண்டு மணி ஆட்டம்

சவரிராயனின் சதுரங்கக் கணக்கை மூடிவிட்டார்கள். திருட்டு ஆட்டம் என்று காரணம். காய் நகர்த்த எந்திரத்தின் உதவி வாங்கியதற்கு அடையாளம் இருக்கிறதாம். இணையத்தில் அந்த ஆட்டக்களத்தை நடத்துகிறவர்கள் இரண்டே வரியில் எழுதி முடித்திருந்தார்கள். ஆட்சேபம் இருந்தால் எழுதலாம், ஒரே தடவை. பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அதைப் படித்தார். அப்புறம் சாப்பிட்டார். புடலங்காய்க் கூட்டு. இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று மனைவி கேட்டாள், போதும் என்றார். இரண்டு மணிக்கு வழக்கம்போல உள்ளறைக் கட்டிலில் வந்து படுத்து, கைபேசியைத் தலையணைக்கு அடியில் செருகி, கண்ணை மூடிக்கொண்டார். தூக்கத்துக்காக இல்லை. காவலுக்கு. யாரைக் காவல் காக்கிறார்? அதுதான் கேள்வி. கணக்கை மூடினவர்கள் அவர் ஆடிய ஆட்டங்களின் பட்டியலை அழிக்கவில்லை. தேதி, நேரம், எதிராளி, வெற்றி, தோல்வி எல்லாம் வரிசையாக இருந்தது. மூன்று வருஷமாக ஆடுகிறார், ஒரு நாளும் அந்தப் பட்டியலைத் திறந்ததில்லை. தோற்ற ஆட்டத்தை எவன் திரும்பிப் பார்ப்பான். இன்றைக்குத் திறந்தார். காலை ஆட்டங்கள் அவருடையவை. மாலை ஐந்துக்கு மேல் ஆடியவையும் அவருடையவை. நடுவில், இரண்டு பத்துக்கு ஆரம்பித்து மூன்று மணி வரை, தினம் எட்டு, பத்து, சில நாள் பன்னிரண்டு ஆட்டம். ஏழு வாரமாக. ஞாயிறு தவிர. இரண்டிலிருந்து மூன்றரை வரை அவர் தூங்குகிற நேரம். ஓய்வு பெற்ற ஆறேழு வருஷத்தில் அந்தத் தூக்கம் தவறியதில்லை.

எவனோ கடவுச்சொல்லைத் திருடிவிட்டான் என்று முதலில் நினைத்தார். அப்படி நினைக்க ஆறுதலாகக்கூட இருந்தது. எங்கோ ஒரு ஊரில் எவனோ ஒரு பயல். ஆனால் கணக்குக்குள் நுழைந்த கருவி எது, ஊர் எது என்றும் ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. திருச்சிராப்பள்ளி. ஒரே கருவி. அதாவது முன்னறையில் ஜன்னலோரம் மகள் விட்டுப்போன கணினி. பொன்மலையில் இந்த வீட்டில், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். வீட்டில் கணினி தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். மனைவி அதைத் துடைப்பாள், மேலே துணி போட்டு மூடுவாள், அவ்வளவு. அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? இந்தக் கட்டிலில் படுத்திருக்கிற ஆள். தூக்கத்தில் எழுந்து போய், நாற்காலியில் உட்கார்ந்து, பத்து ஆட்டம் ஆடி, எட்டில் ஜெயித்து, திரும்ப வந்து படுத்து, மூன்றரைக்கு எழுந்து காபி கேட்கிற ஆள். அந்த ஆளைப் பிடிக்கத்தான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு முழித்திருக்கிறார். தன் கால் தரையைத் தொடுகிறதா என்று தானே பார்த்துக்கொண்டு. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டிக் என்றது. எண்ண வேண்டாம் என்று நினைத்தார். எண்ணினார். மரியசூசை அண்ணனும் இப்படித்தான் ஆரம்பித்தார். கூட்ஸ் வண்டிக்குக் கார்டாக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து, ஒரு நாள் காலை வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு யார்டுக்குப் போய் என் வண்டி எங்கே என்று கேட்டார். கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். மறுநாள் அவருக்கு நினைவே இல்லை. சட்டையில் கரி எப்படி வந்தது என்று அண்ணியைத் திட்டினார். அதுதான் முதல் நாள். அதற்கு அப்புறம் நடந்தது வேண்டாம். சொந்த வீட்டு எண்ணுக்கே போன் போட்டு மரியசூசை இருக்கிறாரா என்று கேட்டார் மனுஷன். வேண்டாம் என்றால் விடுகிறதா. அண்ணனுக்கு அப்போது அறுபத்தாறு. இவருக்கு அறுபத்தேழு நடக்கிறது.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. முப்பத்து நாலு வருஷம் கண்ட்ரோல் ஆபீஸில் உட்கார்ந்து வண்டிகளை ஓட்டியவர். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் ஒதுங்கி எதற்கு வழி விட வேண்டும் என்று சொல்லுகிற வேலை. திண்டுக்கல் பாதை அவருக்கு உள்ளங்கை மாதிரி. ஆகவே சொல்லிப் பார்த்தார், உதடு அசையாமல். திருச்சி. பூங்குடி. கொளத்தூர். சமுத்திரம். மணப்பாறை. வையம்பட்டி. அப்புறம். அப்புறம் அய்யலூர். இல்லை, நடுவில் ஒன்று இருக்கிறது. வையம்பட்டிக்கும் அய்யலூருக்கும் நடுவில். பெயர் தெரியும். வண்டி ஒதுங்குகிற லூப் லைன் வடக்குப் பக்கம், ஸ்டேஷன் மாஸ்டர் குரல் கரகரவென்று இருக்கும், பெயர்தான் வரவில்லை. மறுபடி திருச்சியிலிருந்து. பூங்குடி, கொளத்தூர், சமுத்திரம், மணப்பாறை, வையம்பட்டி. அங்கேயே வண்டி நின்றது. போகட்டும், திண்டுக்கல் பக்கத்திலிருந்து வரலாம். திண்டுக்கல், தாமரைப்பாடி, வடமதுரை, அய்யலூர். நின்றது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒரு பெயர் இல்லாத ஊரில் முட்டிக்கொண்டு நின்றன இரண்டு வண்டிகள். அதற்குப் பதிலாக மதியம் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டுக்கொண்டார். புடலங்காய்க் கூட்டு. அது நினைவிருக்கிறது. ரசம்? ரசம் ஊற்றிக்கொண்டோமா? சனியன்.

அவர் ஆட்டம் என்ன மாதிரி ஆட்டம் என்று அவருக்குத் தெரியும். ஆளுக்கு மூன்று நிமிடம். தன் நேரத்தை முதலில் தின்று தீர்த்தவன் தோற்றான், பலகையில் என்ன இருந்தாலும் சரி. சவரிராயன் எதிராளியின் ராஜாவைத் தேடிப் போகவே மாட்டார். முதல் ஆறேழு நகர்த்தலிலேயே தன் ராஜாவை மூலைக்குக் கொண்டுபோய், முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் ஒரு யானை என்று கோட்டை கட்டி உட்கார்ந்துவிடுவார். அப்புறம் காயை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. வண்டியை லூப்பில் நிறுத்தி வைக்கிற மாதிரி. எதிராளி யோசிப்பான், மோதுவான், குழம்புவான், அவன் கடிகாரம் ஓடும். முப்பது விநாடி, இருபது, பத்து. அவனாகச் சாவான். இது ஒரு ஆட்டமா என்று குழுவில் கலியபெருமாள் கேட்டிருக்கிறான். டிக்கெட் பரிசோதகராக இருந்தவன், நாக்கில் அப்போதே விஷம். நீங்க ஜெயிக்கிறதில்ல சவரி, எதிராளிக்குத் தூக்கம் வர வைக்கிறீங்க என்று எழுதினான். ஏழு பேர் அந்தக் குழுவில், எல்லாம் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள், தினம் ஐந்து மணிக்குக் கூடி ஒருவரோடு ஒருவர் ஆடுவது. சவரிராயனின் புள்ளி ஆயிரத்து நானூற்று இருபது. மூன்று வருஷமாக அதுதான். பத்து ஏறும், பத்து இறங்கும். பெரிதாக இறங்கிய நாளில் ராத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை என்பார், தட்டைத் தள்ளுவார், இரண்டு நாள் பேசமாட்டார். அப்புறம்தான் அந்த ஏழு வாரம் வந்தது. ஆயிரத்து ஐந்நூறு. ஐந்நூற்று எழுபது. அறுநூற்றுத் தொண்ணூறு. சாயங்காலம் தோற்றாலும் மறுநாள் பார்த்தால் ஏறியிருக்கும். நேற்று எவ்வளவில் விட்டுப்போனோம் என்று முதல் வாரம் ஒரு சந்தேகம் வந்தது. இணையத்தில் புள்ளியைத் தாமதமாகப் பதிகிறார்கள் போல என்று ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார். அந்த விளக்கத்துக்கு மேல் அவர் போகவில்லை. போவானேன். ஏறுகிற வண்டியை எவன் நிறுத்துவான். குழுவில் செயலாளர் தைரியநாதன் கேட்டார், என்ன ரகசியம் என்று. சவரிராயன் எழுதினார். நிதானம் என்றார். ஆட்டத்துக்கு முன் மூச்சை நாலு எண்ணிக்கை இழுத்து ஆறு எண்ணிக்கை விட வேண்டும் என்றார். மதியத் தூக்கம் மிக முக்கியம் என்று எழுதினார். மதியத் தூக்கம். அட கடவுளே. அதைப் படித்து மூன்று பேர் தூங்க ஆரம்பித்தார்கள். வருகிற சனிக்கிழமை மதுரைக்காரர்களோடு போட்டி, அணியின் முதல் ஆளாக முதல் பலகை சவரிராயனுக்கு என்று தைரியநாதன் போன வாரம் பெயர் போட்டுவிட்டார். முதல் பலகை. இன்று ஐந்து மணிக்குக் கலியபெருமாள் இவர் பக்கத்தைத் திறப்பான், தினம் திறந்து புள்ளியைப் பார்த்து வயிறு எரிகிறவன், அங்கே பெயருக்கு மேல் சிவப்பில் பட்டை போட்டிருக்கும். நேர்மை மீறலுக்காக மூடப்பட்டது. இரண்டு மணி ஆறு நிமிடம் ஆகியிருக்கும் இப்போது. ஐந்துக்கு எவ்வளவு இருக்கிறது. கணக்குப் போட வேண்டாம்.

சாப்பிட உட்காருவதற்கு முன் அந்த இரண்டு மணி ஆட்டங்களில் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு நகர்த்தலாகத் தட்டிப் பார்த்திருந்தார். பார்த்திருக்க வேண்டாம். போன செவ்வாய் ஆடியது. எதிராளி பெரிய ஆள், ஆயிரத்து எழுநூற்று நாற்பது. இரண்டு மணிக்காரன், அப்படித்தான் அவனுக்கு மனசில் பெயர் வைத்தார், ராணியைச் சீக்கிரமே கொடுத்து ராணியை வாங்கிவிட்டான். கூச்சலே இல்லை. அப்புறம் ஒரு குதிரை, அது மெதுவாக, யாரோ வீட்டுக்குள் சாமான் ஒதுக்குகிற மாதிரி, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று நகர்ந்தது. கடைசியில் எதிராளிக்கு ஒன்பது விநாடி இருந்தது, இவனுக்கு நாற்பது. சவரிராயனாக இருந்தால் ஒரு யானையை ஆட்டிக்கொண்டே இருந்திருப்பார், ஒன்பது விநாடி என்ன, தானாகத் தீரும். இவன் அப்படிச் செய்யவில்லை. நிறுத்தினான். இருபத்திரண்டு விநாடி யோசித்தான், ஒன்றும் நடக்காத மாதிரி. யோசித்து ஒரு சிப்பாயைத் தள்ளினான். எதிராளி ராஜாவுக்கு எல்லா வாசலும் அடைபட்டிருந்தது. எப்போது அடைபட்டது என்று பின்னால் போய்ப் பார்த்தார். எட்டு நகர்த்தலுக்கு முன்னாலேயே ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறான். தப்பு தேடினார். கிடைக்கவில்லை. வந்தது பயமா, பொறாமையா, பிரித்துப் பார்க்க நேரமில்லை. எந்திரமாக இருக்குமோ என்றால், எந்திரம் கோட்டை கட்டும். இவன் கட்டுவதே இல்லை. ஆறு ஆட்டம் திறந்து பார்த்தார், ஆறிலும் ராஜா நடுவீட்டிலேயே நின்றது, அப்புறம் காய்கள் குறைந்ததும் வெளியே நடந்து போய் தானே வேலை பார்த்தது. ராஜாவை வேலைக்கு அனுப்புகிறவன் யார்? தானாக இருக்க முடியுமா? நாற்பது வருஷமாக மூலையில் ஒளித்தவன் தூக்கத்தில் மட்டும் எழுந்து வாசலைத் திறந்துகொண்டு போகிறானா? அப்படியானால் அவனே தேவலை போலிருக்கிறதே. அந்த நினைப்புதான் எல்லாவற்றிலும் மோசம். உள்ளே இன்னொருவன் இருக்கிறான், அவன் கெட்டிக்காரன், அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை. கல்பட்டிச்சத்திரம். ஆ. கல்பட்டிச்சத்திரம். வையம்பட்டி, கல்பட்டிச்சத்திரம், அய்யலூர். வந்துவிட்டது. உடம்பு தளர்ந்தது. போர்வைக்குள் கால்விரல் விரிந்தது. மூளை இருக்கிறது, எங்கேயும் போகவில்லை. அந்த நிம்மதி நாலு மூச்சு நின்றது.

முன்னறையில் நாற்காலி இழுபட்டது. பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் மட்டும் தரையைக் கீறும். துணி மடிக்க உட்காருகிறாள் என்று நினைத்தார். அடுத்து கணினியின் மேல் போட்ட துணியை உதறி எடுக்கிற சத்தம். தூசி தட்டுகிறாள். பொத்தான் அமுங்குகிற சத்தம். உர்ரென்று அந்தப் பழைய பெட்டி மூச்சு விட ஆரம்பித்தது. சவரிராயன் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன தெரியப்போகிறது, சுவர்தான். காதைத்தான் திறந்து வைத்தார். சொடுக்கு. இடைவெளி. சொடுக்கு. அவர் சொடுக்கினால் தந்தி மாதிரி தடதடவென்று வரும்; இது ஒரு சொடுக்கு, ஒரு இடைவெளி, சீராக, அவசரமே இல்லாமல். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தின் நடை. மனசு அதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது, இவர்தான் பின்னால் வந்து சேர்ந்தார். அவளா. இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம் என்பதை ஏன் எண்ணவே இல்லை? இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், தினம் பார்க்கிறார். எண்ணவில்லை. கல்பட்டிச்சத்திரத்தைத் தேடினாரே, அவளைத் தேடவில்லை. அவள் ரயில்வே எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் அந்தக் குரலிடம் மணப்பாறை கொடு, திண்டுக்கல் கொடு என்று இவர் சீறியிருக்கிறார், ஆள் யார் என்று தெரியாமல். எண்ணைச் சொல்லி முடிக்கும் முன் லைன் கிடைத்திருக்கும். எண்பது வயரும் எண்பது துளையும், எது எங்கே போகிறது என்று பார்க்காமலே செருகுகிற கை. அந்தக் கைக்கு அறுபத்து நாலு கட்டம் எம்மாத்திரம். சாயங்காலம் இவர் உறுமிக்கொண்டே ஆடும்போது பின்னால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவாள். ஒரு தடவை, எப்போது, போன கோடையில், அந்த மந்திரி சும்மாத்தானே நிக்குது என்றாள். உனக்கு எதுக்கு இதெல்லாம் என்றார். அப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. பீன்ஸ் நறுக்குகிற சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்து ஒன்றரை மணி நேரம் பேசுவாள், அதனால்தான் ஞாயிறு ஆட்டம் இல்லை. எல்லாம் பொருந்தியது. பொருந்தப் பொருந்த மூச்சு முட்டியது.

சொடுக்கு நின்றது. சிவப்புப் பட்டையைப் பார்த்திருப்பாள். முன்னறையில் ஒன்றுமில்லை, தெருவில் பழைய பேப்பர்காரன் கத்திக்கொண்டு போனான், அவன் போய் வெகுநேரம் ஒன்றுமில்லை. இப்போது எழுந்து போகலாம். போய் நின்றால் போதும். என்ன சொல்ல? ஏன் என் கணக்கில் ஆடினாய் என்றா? ஏன் என்னைவிட நன்றாக ஆடினாய் என்றா? எழுந்துபோனால் பேச வேண்டும், பேசினால் அவள் ஏதாவது கேட்பாள், கேட்டால் பதில் வேண்டும். படுத்திருக்கிற வரைக்கும் தூங்குகிறவன். தூங்குகிறவனிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. இடுப்புப் பக்கம் அரித்தது. சொறியவில்லை. பிறகு விசைப்பலகை கேட்டது, எழுத்தெழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, பத்து நிமிடம், இருபது நிமிடம். அவள் எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஆட்சேபம் ஒரே தடவைதான். அதை இவர் கேட்காமல் அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுந்து போய்த் தடுக்க வேண்டும் என்று கை நினைத்தது. கை போர்வையைப் பிடித்துக்கொண்டது. சாத்தின கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நான் எந்திரம் வைக்கவில்லை என்று சும்மா எழுதினால் எவனும் நம்பமாட்டான். எவனோ திருடினான் என்று எழுதினால் ஒரே கருவி, ஒரே ஊர். அவள் எழுதுவது ஒன்றுதான் உண்மை. உண்மை போய்ச் சேர்ந்தால் திருடன் என்ற பெயர் போகும். கூடவே அந்த இருநூற்று எழுபது புள்ளியும் போகும், முதல் பலகை போகும், நிதானம் போகும், நாலு எண்ணிக்கை மூச்சு போகும். எஞ்சுவது பெண்டாட்டி ஏற்றிவைத்ததைத் தன்னுடையது என்று ஏழு வாரம் ஊருக்குப் பாடம் எடுத்த ஒரு கிழவன்.

தலையணைக்கு அடியில் கைபேசி அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் விசைப்பலகை நின்றிருந்தது. மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஆறு எண். ஆட்சேபத்தை அனுப்ப உறுதிக் குறியீடு, பத்து நிமிடம் செல்லும், யாரிடமும் சொல்ல வேண்டாம். அது வராமல் அவள் எழுதியது போகாது. மூன்று மணி நாலு நிமிடம். சரி. பத்து நிமிடம். சும்மா படுத்திருந்தால் போதும், தானாகத் தீரும். இது அவருக்குத் தெரிந்த ஆட்டம். கணக்கு மூடியே கிடக்கட்டும். இணையத்தில் தப்பாக மூடிவிட்டார்கள், எத்தனை பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது என்று குழுவில் கத்தலாம். தைரியநாதன் பாதி நம்புவார். கலியபெருமாள் நம்பமாட்டான், ஆனாலும் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறைத் தொட்டவர் என்பதை எவனும் இல்லை என்று சொல்ல முடியாது. திருடனாக இருந்தாலும் பெரிய திருடன். மூன்று ஏழு. மூன்று எட்டு. அவள் கூப்பிடவில்லை. எழுந்தும் வரவில்லை. நாற்காலி கூட அசையவில்லை. அதிர்ந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும், அந்தக் காதுக்குக் கேட்காமல் போகாது. எதிராளி துடிப்பான், மோதுவான் என்றுதான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார். இந்த எதிராளி துடிக்கவில்லை. மூன்று பத்து. அவளுடைய நேரமும் அல்லவா ஓடுகிறது, ஏன் பயப்படவில்லை? மூன்று பதினொன்று.

"என்னங்க" என்றாள் முன்னறையிலிருந்து. குரல் ஏறவில்லை. "முழிச்சுத்தான் இருக்கீங்க. ஒரு மணி நேரமா குறட்டை வரல."

அவர் கைபேசியைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அந்த நம்பரைச் சொல்லுங்க. ரெண்டு மணி ஆட்டமெல்லாம் நான் ஆடுனது, எந்திரம் இல்ல, அவர் தூங்கிட்டிருந்தாரு, சந்தேகமா இருந்தா எப்ப வேணா என்னோட ஆடிப் பாருங்கன்னு எழுதியிருக்கேன்."

"எனக்குத் தெரியாம ஏழு வாரம்" என்றார் சவரிராயன். தன் குரல் கட்டிலுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"நீங்க கேக்கவே இல்லையே. நேத்து எறங்குனது இன்னிக்கு எப்படி ஏறுச்சுன்னு ஒரு நாள் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ஏன் செய்தாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். அன்றைக்கு ஒரு நாள் அறுபது புள்ளி விட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாராம். இரண்டு நாள் வீடு வீடாக இல்லையாம். மூன்றாம் நாள் மதியம் உட்கார்ந்து அந்த அறுபதைத் திரும்ப எடுத்து வைத்தாளாம். ராத்திரி இவர் இரண்டு தோசை கூடக் கேட்டுச் சாப்பிட்டார், மகளைப் பற்றிப் பேசினார். மறுநாளும் எடுத்து வைத்தாள். அப்புறம் எனக்கே பிடிச்சுப்போச்சு என்றாள். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ராத்திரியும் சிரித்த முகத்தோடு சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. அவள் உப்பு சரியாகத்தான் போட்டிருக்கிறாள், எப்போதும்.

"கலியபெருமாள் சிரிப்பான்" என்றார்.

"சிரிக்கட்டும். திருடன்னு சொல்றதுக்குச் சிரிக்கிறது தேவலை. ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

இரண்டு நிமிடம் இல்லை, ஒன்றரைதான். கைபேசி கையில் சூடாக இருந்தது. அந்த ஒன்றரை நிமிடத்தில் ஆயிரம் கேட்டிருக்கலாம். அவர் வாயில் வந்தது வேறு.

"ராஜாவை ஏன் மூலைக்குக் கொண்டுபோறதே இல்ல நீ?"

அவள் யோசித்தாள். இருக்கிற நேரத்தில் அதற்கும் யோசித்தாள். "போயிட்டா வர முடியாதுங்க. நான் தினம் பின்னாடி உக்காந்து பாக்குறேன்ல. உங்க ராஜா அங்கேயேதான் மூச்சு முட்டிச் சாவுது."

சவரிராயன் எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடி எங்கே என்று தேட நேரமில்லை, கைபேசியைத் தூரப் பிடித்துக்கொண்டார். நாலு என்றார். ஏழு. பூஜ்யம். ரெண்டு, ரெண்டு. கடைசி எண்ணில் நாக்கு ஒரு கணம் நின்றது. அதைச் சொல்லாமல் விடலாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஒம்பது என்றார். ஒரு சொடுக்கு கேட்டது. போயிருச்சு என்றாள் அவள், காபி போடவா என்று கேட்டாள்.

ஐந்து மணிக்கு நடக்க வேண்டியது நடந்தது. கலியபெருமாள் சிவப்புப் பட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டான், எந்த எந்திரம் சவரி, எங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க என்று எழுதினான். தைரியநாதன் வருத்தத்தோடு முதல் பலகையிலிருந்து பெயரை எடுத்தார். சனிக்கிழமை மதுரைக்காரர்களோடு இவர் இல்லாமலே ஆடித் தோற்றார்கள். நாலு நாள் சவரிராயன் குழுவில் ஒன்றும் எழுதவில்லை, வீட்டில் தட்டையும் தள்ளவில்லை. ஆட்டக்களத்துக்காரர்கள் அவளோடு நிஜமாகவே இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்தார்கள், இரண்டிலும் ராஜா மூலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் பட்டையை எடுத்துவிட்டார்கள். புள்ளியை ஆயிரத்து நானூற்று எட்டுக்கு இறக்கி, உங்கள் வீட்டம்மாவைத் தனியாக ஒரு கணக்குத் திறக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அன்று மாலை கலியபெருமாள் விடவில்லை. எந்த வக்கீலைப் பிடிச்சீங்க, யாருங்க இதைச் சரிபண்ணிக் குடுத்தது என்று கேட்டிருந்தான். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சவரிராயன் மனைவியின் பெயரை ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். நேரம் பிடித்தது. இஞ்ஞாசியம்மாள்.